பதினைந்து நிமிடம் எழும்பாமல்

பஸ் நிலையத்தில் டைம்கீப்பர் வேலை பார்க்க மூன்று சாமான் வேண்டும்: ஒரு மணிக்கூடு, ஒரு விசில், பதினைந்து நிமிடம் எழும்பாமல் இருக்கக்கூடிய ஓர் உடம்பு. முதல் இரண்டையும் பஸ்காரர் சங்கம் தரும். மூன்றாவதை நாமே வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். எனக்கு அது அறுபதாவது வயதில் கைவிட்டுப் போனது.

நான் கல்முனையில் தனியார் பஸ்களை நேரம் பார்த்து விடுகிறவன். முப்பத்தொரு வருடமாக இதே வேலை. எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம், பஸ்காரர் எல்லாருக்கும் நான் காக்கா. படித்தது எட்டாம் வகுப்பு. இதுவரை எழுதியதெல்லாம் பஸ் இலக்கமும் அது வந்த நேரமும் போன நேரமும்தான். அதனால் அழகான வசனம் எதிர்பார்க்க வேண்டாம். கணக்கு மட்டும் பிழைக்காது. கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை எங்கே என்று பார்ப்பதற்கு முன் கழிவறை எங்கே என்று பார்க்கிறவர்கள், பயணம் என்றால் முதல் நாளே தண்ணீரைக் குறைக்கிறவர்கள், கடைசி வரிசையில் வாசல் ஓரமாக இடம் பிடிக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நானும் அறுபது வயது வரை சிரித்தவன்தான்.

எழுபத்திரண்டு எட்டு

நான் நேரம் பார்க்கும் கம்பிக் கூண்டிலிருந்து கழிவறைக் கதவு வரை எழுபத்திரண்டு எட்டு. அவசரம் என்றால் ஐம்பத்தெட்டு. என்னுடைய வருத்தத்தை, அதாவது நோயை, பிறகு ஒரு டொக்டர் விளங்கப்படுத்தினார்: சலப்பை என்கிற சிறுநீர்ப்பை நிறையாமலே, நிறைந்துவிட்டது என்று நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. பொய்ச் செய்திதான். ஆனால் வந்துவிட்டால் உண்மைச் செய்தியை விட அவசரமாக வரும். ஓடிப்போய் நின்றால் அரைக் கோப்பைத் தேநீர் அளவுகூட இருக்காது. திரும்பி வந்து உட்கார்ந்தால் அடுத்த செய்தி. நான் எப்போதும் முந்தி ஓடிவிடுவதால் சாரன் நனைந்தது மிகக் குறைவு. ஆனால் ஓடுகிறவன் எப்படி நேரம் பார்ப்பது?

ஒரு நாள் காலை அம்பாறை பஸ் எட்டு நாற்பதுக்குப் போக வேண்டும். எட்டு முப்பத்தாறுக்கு எனக்குச் செய்தி வந்தது. ஓடினேன். எட்டு நாற்பத்தொன்றுக்குத் திரும்பி வந்தால் பஸ் நின்ற இடம் வெறுமையாகக் கிடக்கிறது. பின்னால் நின்ற பஸ்காரர் என் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். நான் போன கையோடு அம்பாறை பஸ் சாரதி ஜௌபர், அடுத்த பஸ்ஸுக்கு நின்ற சனத்தையும் ஏற்றிக்கொண்டு மூன்று நிமிடம் முந்திக் கிளம்பிவிட்டான். மத்தியானம் அவன் திரும்பி வந்ததும் ஏனென்று கேட்டேன். ஜௌபர் வாய்க்காரன். ஸ்டேரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னான்: "பஸ்ஸுக்கு டைம் பாக்க நீங்க இரிக்கீங்க காக்கா. ஒங்களுக்கு டைம் பாக்க ஆர் இரிக்கா?"

வாயில் ஈரமில்லை

வெட்கத்தில் மூன்று வருடம் யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியும், ஆனால் நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. அவள் பேசாமல் தேநீர்க் கோப்பையைச் சிறிதாக மாற்றினாள், நான் பேசாமல் குடித்தேன். கடைசியில் அவளே கிளினிக்கில் நம்பர்த் துண்டு எடுத்துக் கையில் தந்தாள். அங்கே புறஸ்டேட் பார்த்தார்கள், சீனி வருத்தம் பார்த்தார்கள். இரண்டிலும் பிழையில்லை. தேநீரை எட்டிலிருந்து இரண்டாகக் குறைத்தேன். இடுப்புக்குக் கீழே தசையை இறுக்கி விடுகிற பயிற்சி ஒன்று சொன்னார்கள். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று தடவை. ஒன்றும் விடாமல் செய்தேன். கூண்டுக்குள் இருந்தே செய்யலாம், வெளியில் ஒருவருக்கும் தெரியாது. அது ஒன்றுதான் அதில் எனக்குப் பிடித்தது.

பிறகு குளிசை, மாத்திரை தந்தார்கள். குளிசை கொஞ்சம் கேட்டது, பொய் சொல்ல மாட்டேன். நாளைக்குப் பத்தொன்பது தடவை ஓடியது பதினேழானது. ஆனால் வாய் காய்ந்துபோனது. உமிழ்நீர் இல்லாமல் விசில் ஊத முடியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். விசிலை உதட்டில் வைத்தால் உதடு ஒட்டிக்கொள்ளும், ஊதினால் காற்று மட்டும் வரும். ஈரமாக்கத் தண்ணீர் குடித்தால் மறுபடி எழுபத்திரண்டு எட்டு. ஒரு பின்னேரம் நான் மூன்று முறை ஊதியும் ஜௌபர் பஸ்ஸை எடுக்கவில்லை. எட்டிப் பார்த்துக் கேட்டான்: "காக்கா, அது விசிலா, இல்லாட்டி எங்கயும் சைக்கிள்ல காத்துப் போகுதா?"

பின்பக்க டயர்

சங்கத் தலைவர் நல்ல மனிதர். கூண்டுக்கு வந்து அரை மணி நேரம் ஊர்க்கதை கதைத்தார். அந்த அரை மணியில் நான் இரண்டு தடவை எழும்பிப் போய் வந்தேன். மூன்றாவது தடவை எழும்பியபோது என் கையைப் பிடித்து, ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் சுகமாகாவிட்டால் வேறு ஒருவரைப் போடத்தான் வேண்டிவரும் என்றார். கோபம் இல்லாமல் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அது கடினமாக இருந்தது.

கிளினிக் டொக்டர் கொழும்புக்கு ஒரு கடிதம் தந்தார். குளிசை கேட்காதவர்களுக்கு, முள்ளந்தண்டின் அடியில், சலப்பைக்குப் போகும் நரம்புக்குப் பக்கத்தில் மெல்லிய கம்பி ஒன்று வைத்துச் சின்னதாகக் கறண்ட் கொடுக்கிற வைத்தியம் இருக்கிறதாம். குழம்பிப்போன செய்தியை அது ஒழுங்குபடுத்துமாம். எனக்குக் கம்பியைவிடப் பயமாக இருந்தது பயணம். கொழும்புக்கு எட்டு ஒன்பது மணி நேரம். டொக்டர்மாரைத் தவிர்த்தால், எங்கள் கொழும்புப் பகல் பஸ்ஸின் சாரதி முபாறக்கிடம்தான் முதன்முதலாக வாய் திறந்து சொன்னேன். பதினாறு வருடமாக நான் நேரம் பார்த்துவிடுகிற மனிதன் அவன். சாரதிக்குப் பின்னால் உள்ள சீட்டைத் தந்து, "வேணுமெண்டா தோள்ள தட்டுங்க" என்றான்.

அன்றைக்கு ஒன்பது தடவை தட்டினேன். ஒவ்வொரு தடவையும் அவன் ஏதாவது கடை ஓரமாக நிறுத்தி, "பின் டயர்ல ஒரு சத்தம், பாத்துட்டு வாறன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி இறங்கிப்போய் டயரைக் காலால் உதைத்துக்கொண்டே நிற்பான், நான் வரும்வரை. சனம் முழுவதும் டயரைத்தான் பார்த்தது, என்னை ஒருவரும் பார்க்கவில்லை. இப்படி ஒரு மரியாதையை எனக்குப் படித்தவர்கள்கூடச் செய்ததில்லை. ஏழாவது தடவையில் பின்னாலிருந்து ஒரு சாய்ந்தமருதுப் பெண் எழும்பி நின்று குரல் கொடுத்தா: "தம்பி ட்ரைவர், அந்த டயரக் கழட்டி மடியில வெச்சிக்கிட்டு ஓட்டுங்க. ஒங்களுக்கும் நிம்மதி, நாங்களும் கெதியாப் போய்ச் சேருவம்!"

குப்புறப் படுத்தவர்

டொக்டர் சிங்களவர், மெதுவாகக் கதைக்கிறவர். அவர் சொன்னதைத் தமிழில் சொல்ல ஒரு தாதி மிஸ் இருந்தா. பெயர் வசந்தி. முதலில் ஒரு கொப்பி தந்தார்கள். மூன்று நாள், கழிவறைக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் நேரம் எழுத வேண்டும். எனக்கு இது சொல்லித்தர வேண்டிய வேலையா? கொழும்பில் இருக்கிற மகள் வீட்டில் தங்கி நிமிடம் பிசகாமல் எழுதினேன். நாளைக்குப் பதினேழு. மிஸ் பார்த்துவிட்டு, இந்த வார்டில் இவ்வளவு துப்புரவான கொப்பி வந்ததே இல்லை என்றா. வைத்தியத்தின் விதியையும் அப்போது சொன்னா: முதலில் கம்பியை மட்டும் வைப்பார்கள். பற்றரிப் பெட்டி வெளியே இடுப்புப் பட்டியில் இருக்கும். பத்து நாள் பரீட்சை. எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் பற்றரியைத் தோலுக்குக் கீழே நிரந்தரமாக வைப்பார்கள். குறையாவிட்டால் கம்பியையும் எடுத்துவிடுவார்கள். பதினேழில் பாதி எட்டரை. அதாவது எட்டுக்கு மேலே போனால் நான் தோற்றேன்.

தியேட்டரில் என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். முதுகின் அடியில் விறைக்க ஊசி போட்டார்கள், ஆனால் ஆள் முழிப்பு. கறண்ட் கொடுக்கும்போது காலின் பெருவிரல் ஆட வேண்டும், அப்போதுதான் கம்பி சரியான நரம்பில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மிஸ் என் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா, டொக்டர் படத்தைப் பார்க்கிறார், எனக்கு வெட்கத்தில் கண் திறக்க முடியவில்லை. இந்த அறுபத்து மூன்று வயதுக்குள் மனைவிக்கு முன்னால்கூடச் சட்டை மாற்றாதவன் நான். திடீரென்று என் பெருவிரல், நான் சொல்லாமலே, தன்பாட்டுக்கு மடங்கியது. "புடிச்சிட்டம்!" என்று அந்தச் சபையே சந்தோசப்பட்டது. நான் முகத்தைத் தலையணைக்குள் இன்னும் புதைத்ததைக் கண்டு வசந்தி மிஸ் குனிந்து காதோடு சொன்னா: "வெக்கப்படாதீங்க ஐயா. குப்புறப் படுத்திருக்கிற ஆக்களுக்கு ஆர் பாத்த எண்டு தெரியாது, பாத்த எங்களுக்கு ஆர் படுத்த எண்டு தெரியாது."

காக்காட தம்பி

பாரம் தூக்காமல், குனியாமல், வழக்கமான வேலையைச் செய்யச் சொல்லி ஊருக்கு விட்டார்கள். பெட்டி சாரனுக்குள் பட்டியில். முதுகில் ஒட்டிய துணி நனையக்கூடாது என்பதால் குளிப்பு இல்லை, ஈரத்துணியால் துடைப்பதுதான். தொழுகையும் கதிரையில். கறண்ட் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். நோவு இல்லை. நின்ற பஸ்ஸில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது சீட்டில் ஒரு அதிர்வு வருமே, அதில் நூறில் ஒரு பங்கு. அரை மணி நேரத்தில் அதுவும் மறந்துபோகும்.

கூண்டில் உட்கார்ந்த முதல் நாள் காலை, எட்டு பத்துக்கு அக்கரைப்பற்று பஸ்ஸை விட்டேன். எட்டு இருபத்தைந்துக்கு அடுத்தது. எட்டு நாற்பதுக்கு அம்பாறை. மூன்று பஸ்ஸுக்கும் இடையில் நான் எழும்பவில்லை. எழும்ப வேண்டும் என்று தோன்றாததால் எழும்பவில்லை என்பதையே எட்டு நாற்பதுக்குத்தான் கண்டுபிடித்தேன். குளிசையை நிறுத்தியிருந்ததால் வாயிலும் ஈரம் இருந்தது. ஊதிய விசிலில் தேநீர்க் கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஜௌபர் எட்டு முப்பத்தேழுக்கே வழக்கம்போலப் பஸ்ஸை உருட்டப் பார்த்தவன், நான் கூண்டுக்குள் இருப்பதைக் கண்டு பிரேக் அடித்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான்: "ஆரு நீங்க? காக்கா எங்க? நீங்க அவர்ர தம்பியா?"

இரண்டு கோடு

இந்த இடத்தில் நான் சந்தோசமாக இருந்தேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். பத்தாம் நாள் கொப்பியைக் கூட்டும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன். ஒன்பது நாள் பத்துப் பத்து. ஒரு நாள் பதினொன்று. மூன்று முறை கூட்டினேன், மூன்று முறையும் அதேதான். எட்டுக்கு ஒரு நாள்கூட இறங்கவில்லை. உடம்பு தேறிவிட்டது என்று உடம்பு சொல்கிறது, தேறவில்லை என்று கொப்பி சொல்கிறது. நான் முப்பத்தொரு வருடமாகக் கொப்பியை நம்பிய மனிதன். கம்பியை எடுத்துவிடுவார்கள். பெருநாளுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

கொழும்புக்குத் திரும்பிப் போகிற பயணத்தில் வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது முபாறக்கிடம் கொப்பியைக் காட்டினேன். அந்தப் பயணத்தில் அவன் தோளில் நான் தட்டியது மூன்றே தடவை என்பதை அவன் அறிவான். ஒரு பக்கத்தைப் பார்த்தான், மறுபக்கத்தைப் பார்த்தான். "ஒரு நாளைக்கி ரெண்டு கோடு. ரெண்டே ரெண்டு கோட்ட வெட்டி உடுங்க காக்கா, எட்டு வந்திரும். ஆரு பின்னால வந்து எண்ணின?" என்றான். பேனையையும் நீட்டினான். நான் ஒரு சாரதிக்கு ஒரு நிமிடம் மாற்றி எழுதியது இல்லை. என் சொந்த மருமகனின் பஸ்ஸுக்கு இரண்டு நிமிடம் பிந்தியதென்று எழுதியதற்கு ஒரு வருடம் அவன் என்னோடு கதைக்காமல் இருந்தான். அதைச் சொல்லிக் கொப்பியை மூடினேன். முபாறக் பேனையைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, சோற்றுக்குக் கை கழுவப் போகிற போக்கில் சொன்னான்: "அப்ப அந்த நேர்மையையும் கூட்டிக்கிட்டு மௌத்தாகி மண்ணுக்குப் போகும் வரைக்கும் ஓடுங்க."

ஒரே நேரத்தில் ஐந்து

டொக்டர் கொப்பியைப் புரட்டினார். முதலில் பதினேழு, இப்போது பத்து. தலையை ஆட்டினார். குறைந்திருக்கிறது, ஆனால் போதாது என்று மிஸ்ஸிடம் சொன்னார். அந்தளவு சிங்களம் எனக்கும் விளங்கும். உடம்பு எவ்வளவு நல்லாயிருக்கிறது, மூன்று பஸ் விட்டேன், விசில் ஊதினேன் என்றெல்லாம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. என்னால் அப்படி மன்றாட முடியாது, அது என் பிறவிக் குறை. கம்பியை எப்போது எடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

வசந்தி மிஸ் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு நாளின் நேரங்கள் மேல் விரலைக் கீழே இழுத்தா, அடுத்த நாளிலும் அப்படியே இழுத்தா. "ஐயா, நீங்க எந்த ஊர்?" என்றா. கல்முனை என்றேன். "அப்ப காக்கா! நான் வீரமுனை" என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டா. "இஞ்ச பாருங்க. நாலு முப்பத்தஞ்சி. பன்ரண்டு மணி. மூண்டேகால். ஆறு. ஏழு பத்து. பத்து நாளும் இதே நேரம், ஒண்டு ரெண்டு நிமிசம்தான் வித்தியாசம். மத்ததெல்லாம் நாளுக்கு நாள் மாறுது. இந்த அஞ்சும் மாறல்ல. சலப்பைக்கு மணிக்கூடு பாக்கத் தெரியுமா? சம்மாந்துறைப் பள்ளிப் பாங்கு எங்கட ஊருக்குக் கேக்கும் காக்கா. அஸர் பாங்கு கேட்டாத்தான் எங்கட அம்மா மாட்டத் தண்ணிக்கி அவுத்து உடுவா. இந்தத் தொழுக நேரம் எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த அஞ்சுக்கும் ஒங்களுக்கு முட்டிச்சா?"

நான் யோசித்தேன். முட்டவில்லை. தொழுகைக்குக் கை, கால், முகம் கழுவி ஒளு எடுப்பதற்கு முன் கழிவறைக்குப் போய்விட்டு வருவது ஓதப் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து பழக்கம். தொழுகையில் நிற்கும்போது சந்தேகம் வரக்கூடாது அல்லவா? வந்தாலும் வராவிட்டாலும் போவேன். போனதெல்லாம் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அதைச் சொன்னதும் மிஸ் முதல் கொப்பியை எடுத்தா. அதிலும் நேரம் நிமிடத்தோடு இருந்ததால் அந்த ஐந்தையும் உடனே பிடித்துவிட்டா. பதினேழில் ஐந்து போனால் பன்னிரண்டு. பத்தில் ஐந்து போனால் ஐந்து. பன்னிரண்டில் பாதி ஆறு.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. எழுதிய கணக்கில் கழிப்பது பொய்க் கணக்காகாதா என்று கேட்டேன். மிஸ் அதைச் சிங்களத்தில் சொல்ல, டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். தோற்கப் போகிற நோயாளி தனக்கு எதிராக வழக்காடுவதை அவர் முன்பு கண்டிருக்க மாட்டார். ஒருவரும் கழிக்க வேண்டாம், இன்னும் மூன்று நாள் எழுதட்டும், முட்டிப் போனது ஒரு பக்கம், தொழுகைக்குப் போனது ஒரு பக்கம் என்று முடிவு சொன்னார். மகள் வீட்டில் இருந்து எழுதினேன். முட்டிப் போனது ஐந்து, நான்கு, ஐந்து. டொக்டர் மூன்று நாளையும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். பிறகு, சுகமான மனிதர் இந்த ஐந்தையும் இனி நிறுத்தலாம்தானே என்று மிஸ்ஸிடம் கேட்டார். அவ எனக்காக என்னிடம் கேட்காமலே பதில் சொல்லிவிட்டு, சொன்னதைத் தமிழிலும் சொன்னா: "அத நிப்பாட்டச் சொல்லாதீங்க டொக்டர் எண்டு சொன்னன் காக்கா. அது வருத்தமில்ல, ஒளு."

தோலுக்குக் கீழே

தீப்பெட்டி அளவில் ஒரு பற்றரிப் பெட்டி. இடுப்பின் பின்பக்கம் மேலே, தோலுக்குக் கீழே வைத்துத் தைத்தார்கள். கூட்டிக் குறைக்க ஒரு றிமோட்டும், விமான நிலையத்தில் காட்ட ஓர் அட்டையும் தந்தார்கள். இது வருத்தத்தை வேரோடு பிடுங்கியது என்று நான் சொல்லமாட்டேன். நிறுத்தினால் பொய்ச் செய்தி மறுபடி வரும். சில வருடத்தில் பற்றரி முடிந்தால் மாற்ற வேண்டும். எல்லாருக்கும் கேட்பதுமில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பரீட்சையில் தவறிக் கம்பியை எடுத்துவிட்டுப் போனார், என்னிடம் ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போனார். அவருக்கு முன்னால் நான் சந்தோசத்தைக் காட்டவில்லை. ஆனால் ஒரு கைப்பிடி அளவும் இல்லாத ஒன்று ஒரு மனிதனை அவனுடைய கதிரையில் இருத்திவைக்கிறதே, இதைக் கண்டுபிடித்தவர்களுக்கும், கையால் செய்பவர்களுக்கும், கொப்பியைக் கவனமாக வாசிக்கிறவர்களுக்கும் நான் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது சங்கத் தலைவர் கூண்டுக்கு வந்தார். ஒரு மணி நேரம் இருந்தார். ஊர்க்கதை எல்லாம் முடிந்துபோய்ப் பக்கத்து ஊர்க்கதைக்குப் போனார். நான் விசில் ஊதுவதற்கு மட்டும் எழும்பினேன். கடைசியில் அவர்தான் நெளிந்தார். எழும்பி, எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "காக்கா, இஞ்ச கக்கூஸ் எந்தப் பக்கம்?"

கூண்டுக் கம்பிக்கு வெளியே

கதை எப்படிப் பரவியது என்று தெரியாது. ஜௌபருக்குத் தெரிந்தது போதும். இப்போது கூண்டுக்கு இரண்டு விதமானவர்கள் வருகிறார்கள். ஒரு விதம் பஸ் கேட்பவர்கள், அவர்கள் சத்தமாகக் கேட்பார்கள். மற்ற விதம், பஸ் எல்லாம் போன பிறகும் நிற்பார்கள். அவர்களைக் கண்டதும் எனக்குத் தெரியும், நானும் அப்படி நின்றவன்தான். பஸ் நேரம் எழுதுகிற லொக் தாளின் பின்பக்கத்தில் மூன்று நாளைக்குக் கோடு போட்டு, இரண்டு பத்தி பிரித்துக் கொடுக்கிறேன். முட்டிப் போனது ஒன்று, பழக்கத்துக்குப் போனது ஒன்று. இதை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள், வெட்கப்பட்டு மூன்று வருடம் இருக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். இதுவரை பதினான்கு பேர். அதில் இரண்டு பேருக்குக் குளிசையே போதுமாக இருந்தது. நல்லதுதான்.

போன கிழமை சொறிக்கல்முனையிலிருந்து வயல் செய்கிற ஒரு கமக்காரர் வந்தார். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார். வாங்க என்று கூப்பிட்டுக் கோடு போட்ட தாளை எடுத்தேன். அவர் கையை ஆட்டினார். அது இல்லையாம். மற்றதாம். வயல் நடுவில் நிற்கும்போது வயிறு அடக்கமில்லாமல் போய்விடுகிறதாம், இரண்டு போகமாக அறுவடை வெட்டுக்கே போகவில்லையாம். அதே கம்பி, அதே இடம், அதற்கும் இதே வைத்தியம் இருக்கிறது என்று வசந்தி மிஸ் எனக்குச் சொல்லியிருக்கிறா, அதைச் சொன்னேன். மனிதரின் முகம் மாறிப்போனது. பின்னால் சனம் சேர்வதைக் கண்டு கம்பிக்குள் முகத்தை நுழைத்தார்: "காக்கா, நான் வீரமுனை பஸ் எத்தின மணிக்கி எண்டு சத்தமாக் கேக்கிறன், நீங்க மத்தத மெதுவாச் சொல்லுங்க."

என்னுடைய இன்றைய கணக்கு ஒன்பது: ஐந்து தொழுகைக்காக, மூன்று உடம்புக்காக, மீதி ஒன்று, அந்தக் கழிவறைக் கதவை இவ்வளவு நாள் பழகிவிட்டுத் திடீரென்று முகம் பாராமல் இருக்க மனம் வராததற்காக.